ஆபத்து பவளத்துக்கா, மீனுக்கா?

தீபாவளி அங்பாவ் பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு கடல்மீன் விற்கும் கடைக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நீல வெளிச்சம். வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் மீனின் பெயரும் விலையும் ஒட்டியிருக்கும். சில தொட்டிகளில் கூடுதலாக ஒரு குறிப்பு இருக்கும்: ‘பவளத் தொட்டிக்கு ஏற்றது.’ சிலவற்றில், ‘கவனம் தேவை.’ இன்னும் சிலவற்றில், ‘பவளத் தொட்டிக்கு ஆகாது.’

பவளம் வளர்க்கும் தொட்டியில் எந்த மீனை விடலாம், எதை விடக்கூடாது என்று முடிவு செய்ய இந்த மூன்று குறிப்புகளைத்தான் பெரும்பாலோர் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். ‘ஆகாது’ என்ற எச்சரிக்கையை மீறி நான் எதையும் வாங்கவில்லை. ‘ஏற்றது’ என்று எழுதியிருந்த மீனைத்தான் வாங்கினேன். பதினொரு வாரத்தில் அதைக் கொன்றேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அந்தக் குறிப்புகளை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அவை சொல்வது ஒன்றே ஒன்று: இந்த மீன் உங்கள் பவளத்தைக் கடிக்குமா, கடிக்காதா? இறாலையும் சிப்பியையும் தின்னுமா, தின்னாதா? உங்கள் தொட்டி இந்த மீனை வாழவைக்குமா என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. ‘ஆபத்தான மீன்’ என்று நாம் சொல்லும்போது ஆபத்து பவளத்துக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். பல நேரங்களில் ஆபத்து மீனுக்குத்தான். மீன் வாங்கப் போகும் எவரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இந்த இரண்டாவது கேள்வி என்பது என் கருத்து. அதற்கு ‘வாழவைக்கும்’ என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால், எவ்வளவு அழகான மீனாக இருந்தாலும் கடையிலேயே விட்டுவிட்டு வரவேண்டும்.

கொறிப்பது குற்றமா?

முதலில் பவளத்தின் பக்கத்தைப் பார்த்துவிடுவோம். பவளம் செடியல்ல, கல்லுமல்ல. அது விலங்கு. பாலிப் எனப்படும் குட்டி உயிர்கள், பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அகலமே உள்ளவை, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, அடியில் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொண்டு வாழ்கின்றன. அந்தப் பாலிப்பின் திசுக்களுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. பாசி ஒளிச்சேர்க்கை செய்து, கிடைக்கும் சர்க்கரையில் பெரும்பகுதியைத் தனக்கு இடம் கொடுத்த பவளத்துக்கு வாடகையாகத் தந்துவிடுகிறது. ஆகவே பாலிப் நன்றாக விரிந்து, உள்ளே இருக்கும் பாசிமேல் வெளிச்சம் விழ வேண்டும்.

இப்போது அந்தத் தொட்டியில் ஒரு குள்ள ஏஞ்சல் மீனை விடுங்கள். சிவப்பு உடலில் கறுப்புக் கோடுகள் போட்ட ஃபிளேம் ஏஞ்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘கவனம் தேவை’ என்ற குறிப்பு இவ்வகை மீனுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கும். அது பவளத்தை விழுங்கிவிடாது. போகிற போக்கில் ஒரு கொறி, அவ்வளவுதான். கொறிபட்ட பாலிப் உள்ளே இழுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் மறுபடி விரியும். மறுபடி ஒரு கொறி. நாள் முழுக்க இப்படியே நடந்தால் பாலிப் விரிவதையே நிறுத்திவிடும். வெளிச்சம் குறையும், பாசியின் உற்பத்தி குறையும், சில வாரங்களில் பவளத்தின் நிறம் மங்கி, ஓரத்திலிருந்து திசு பின்வாங்கி வெள்ளைக் கூடு தெரியத் தொடங்கும். மீன் தின்ற அளவு சொற்பம். பவளம் செத்தது பட்டினியால்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு மீன்கள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஒருவர் வீட்டில் ஐந்து ஆண்டுகளாகப் பவளத்தின் பக்கமே திரும்பாத ஏஞ்சல், இன்னொருவர் வீட்டில் இரண்டே நாளில் வேலையைக் காட்டிவிடும். இரண்டு ஆண்டு சும்மா இருந்துவிட்டு, பிறகு கொறிக்கத் தொடங்குவதும் உண்டு. அதனால்தான் மீன் வளர்ப்போர் கூடினால் இந்தச் சண்டை ஓய்வதே இல்லை. ‘என் மீன் தொடுவதே இல்லை’ என்று சொல்பவரும் பொய் சொல்லவில்லை, ‘என் மீன் நாசம் செய்துவிட்டது’ என்பவரும் பொய் சொல்லவில்லை.

ஆனால் இரண்டு பேரும் மீனின் குணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கடலில் இதே மீன் பாறையில் படரும் பாசியையும் சிறு உயிர்களையும் மேய்ந்துகொண்டே போகும். இடையில் ஒரு பவளத்தைக் கொறித்தால், அடுத்த கொறி வேறொரு பவளத்தில் விழும். அங்கே ஆயிரக்கணக்கான பவளத் திட்டுகள் உண்டு. உங்கள் வீட்டில் இருப்பது ஐந்து. மீன் செய்வது இரண்டு இடத்திலும் ஒரே வேலைதான். கடலில் அதன் பெயர் மேய்ச்சல், வீட்டில் அதன் பெயர் நாசம்.

வண்ணத்துப்பூச்சி மீன்களில் சில இனங்கள் இன்னும் ஒரு படி மேலே போகும். பவளப் பாலிப்பைத் தவிர வேறு எதையும் உணவாக ஏற்காத இனங்கள் அவற்றில் உண்டு. பெருந்தடுப்புப் பவளத்திட்டு போன்ற இடங்களில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்து இறக்கும்போது இத்தகைய மீன்களும் குறைந்துபோகின்றன. அத்தகைய மீனின் தொட்டியில் ‘பவளத் தொட்டிக்கு ஆகாது’ என்று எழுதியிருக்கும். சரிதான், அப்படியானால் பவளம் இல்லாத தொட்டியில் விட்டுவிடலாமே என்று ஒருவர் வாங்கிப் போவார். அங்கே அது எதையும் தொடாமல் மெலிந்து சாகும். அந்த மீனுக்கு எந்த வீட்டுத் தொட்டியும் ஆகாது. குறிப்பு அதைச் சொல்லவில்லை.

பதினொரு வாரம்

இனி என் கதை. வீவக வீட்டின் வரவேற்பறையில் இரண்டடி நீளத் தொட்டி வைத்திருந்தேன். ஏறக்குறைய 100 லிட்டர் நீர். பவளங்கள் நன்றாக இருந்தன. அதில் ஒரு மாண்டரின் மீன் வேண்டும் என்று எனக்கு ஆசை.

அந்த மீனை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். விரல் நீளம்தான் இருக்கும். நீல உடலில் ஆரஞ்சுக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். அந்த நீலமே ஓர் அறிவியல் அதிசயம். விலங்குகளில் நாம் பார்க்கும் நீலம் பெரும்பாலும் உண்மையான சாயம் அல்ல. பட்டாம்பூச்சியின் இறகிலும் மயிலின் கழுத்திலும் நுண்ணிய அமைப்புகள் ஒளியைச் சிதறடித்துக் காட்டும் நீலம் அது. மாண்டரின் மீனின் தோலிலோ நீல நிறமியைக் கொண்ட செல்களே இருக்கின்றன. விலங்கு உலகில் இது மிக அரிது.

கடையில் ‘பவளத் தொட்டிக்கு ஏற்றது’ என்று போட்டிருந்தது. அது உண்மை. மாண்டரின் மீன் பவளத்தை ஒன்றும் செய்யாது. இறாலைத் தொடாது. மற்ற மீன்களோடு பெரிதாகச் சண்டைக்கும் போகாது. எங்கள் வீட்டிலும் அது பவளங்களுக்கு நடுவே பாறையை ஒட்டி மெல்ல மெல்ல நடப்பதுபோல் நீந்தி, நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒரு கொத்து கொத்தும். மறுபடி நகரும். பார்க்கப் பார்க்க அலுக்காது. விருந்தினர் வந்தால் அதைத்தான் முதலில் காட்டுவேன்.

அது கொத்திக்கொண்டிருந்தது எதை என்று நான் யோசிக்கவில்லை. கோப்பெபாட் எனப்படும் நுண்ணிய கணுக்காலிகளை அது தேடிக்கொண்டிருந்தது. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாதவை. மாண்டரின் மீன் ஒரே மூச்சில் வயிறு நிரம்பச் சாப்பிடும் மீன் அல்ல. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கொத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு ஐந்து கொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணி நேரத்தில் 3,000 கொத்து. பாதி வெற்றி என்றாலும் நாளொன்றுக்கு 1,500 இரை. 100 லிட்டர் தொட்டியில், சில கிலோ பாறையில், தினமும் 1,500 கோப்பெபாட்டுகள் புதிதாகப் பிறந்து வளர்ந்தால்தான் கணக்கு நேராகும். பிறப்பு அதைவிடக் குறைவாக இருந்தால், முதல் சில வாரம் மீன் சேமிப்பைத் தின்னும். பிறகு வெறும் பாறையைக் கொத்தும். பள்ளியில் உணவுச் சங்கிலி படிக்கும்போது அடியில் இருக்கும் உயிர்களின் எண்ணிக்கை ஏன் அவ்வளவு அதிகமாக இருக்க வேண்டும் என்று கேட்டிருப்பீர்கள். விடை என் வரவேற்பறையில் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

உறைய வைத்த இறால் துணுக்குகளைக் கொடுத்துப் பார்த்தேன். மற்ற மீன்கள் பாய்ந்து வந்து தின்று முடித்துவிடும். மாண்டரின் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஏழாவது வாரத்தில் தலைக்குப் பின்னால் உடல் ஒடுங்கியிருப்பதைக் கவனித்தேன். அது முதுகுத்தசை கரைந்துபோவதன் அடையாளம் என்று அப்போது தெரியாது. நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. கடைசி நாள்வரை அந்த மீன் அழகாகவே இருந்தது. பதினொராவது வாரத்தில் ஒரு காலையில் பாறை இடுக்கில் அசையாமல் கிடந்தது.

கடைக்காரர்மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவர் எழுதி வைத்த வரியில் பொய் ஒன்றுமில்லை. நான் கேட்ட கேள்விதான் தவறு.

இதே மீனை அதன் வீட்டில் பார்க்க வேண்டுமானால், சாபாவின் செம்போர்னாவுக்கு அருகில் உள்ள மாபுல் தீவுக்குப் போகலாம். அந்தி சாயும் நேரத்தில் உடைந்த பவளக் குவியல்களுக்குள்ளிருந்து மாண்டரின் மீன்கள் வெளியே வரும். ஆணும் பெண்ணும் உடலோடு உடல் ஒட்டி, ஒரு முழ உயரம் மேலே எழும்பி, முட்டையையும் விந்தையும் நீரில் விட்டுவிட்டுச் சட்டென்று கீழே மறைந்துவிடும். முக்குளிப்போர் இதற்காகவே காத்துக் கிடக்கிறார்கள்.

மருத்துவரை வீட்டில் பூட்டி வைத்தால்

சுத்தம் செய்யும் மீன் என்று ஒன்று உண்டு. நீலமும் வெள்ளையுமான ஒல்லி உடலில், தலைமுதல் வால்வரை ஒரு கறுப்புக் கோடு. பவளப்பாறையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இது கடை விரிக்கும். மற்ற மீன்கள், தன்னை ஒரே வாயில் விழுங்கக்கூடிய பெரிய களவா மீன் உட்பட, அங்கே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். இது அவற்றின் செதில், செவுள், பல்லிடுக்கு எல்லாவற்றிலும் நுழைந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவில் அலெக்ஸாண்ட்ரா கிரட்டர் என்ற ஆய்வாளர் எண்ணிப் பார்த்து 1996ல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு மீன் நாளொன்றுக்குச் சராசரியாக 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. இரண்டாயிரத்துக்கும் அதிகமான மீன்களைப் பரிசோதிக்கிறது.

இரண்டாயிரம் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவரை, ஐந்து பேர் உள்ள வீட்டில் அடைத்து வைத்தால் என்ன ஆகும்? முதல் இரண்டு நாளில் எல்லா ஒட்டுண்ணியும் தீர்ந்துவிடும். பிறகு பசி. பசித்த மருத்துவர் மற்ற மீன்களைத் துரத்தித் துரத்தி அவற்றின் உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பையும் செதிலையும் கடிக்கத் தொடங்குவார். உறைந்த உணவுக்குப் பழகிக்கொள்ளும் மீன்களும் உண்டு, பழகாமல் இறப்பவை நிறைய.

லிசர்ட் தீவில் இன்னொரு சோதனையும் செய்தார்கள். சில சிறிய பாறைத் திட்டுகளிலிருந்து சுத்தம் செய்யும் மீன்களை மட்டும் அகற்றிவிட்டு, எட்டு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே பார்த்துக்கொண்டார்கள். அந்தத் திட்டுகளில் நிலையாக வாழும் மீன்களின் எண்ணிக்கை, மற்றத் திட்டுகளைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. மீன் இனங்களின் எண்ணிக்கையும் குறைந்திருந்தது. கடையில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சிறிய மீனாகத் தெரிவது, கடலில் ஒரு பேட்டையின் மருந்தகமாக இருந்திருக்கலாம்.

இந்த மீனைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2019ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதன் தொண்டையில் ஒரு புள்ளி வைத்துக் கண்ணாடி முன் விட்டார்கள். மீன் கண்ணாடியில் புள்ளியைப் பார்த்துவிட்டு, தொட்டியின் அடியில் தன் தொண்டையைத் தேய்த்தது. தன்னைத்தானே அடையாளம் காண்கிறதா, இல்லையா என்று அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வாதிடட்டும். ‘மீன்தானே’ என்று இனி என்னால் சொல்ல முடியாது.

மருந்து போட முடியாத நோய்

எல்லா ஆபத்தும் பசியால் வருவதல்ல. மஞ்சள் பெட்டி மீன் குட்டியாக இருக்கும்போது கறுப்புப் புள்ளி போட்ட பகடைக்காய்போல் இருக்கும். கடைக்கு வரும் பிள்ளைகள் முதலில் கைகாட்டுவது அதைத்தான். ஆனால் அது பயந்தாலோ, காயப்பட்டாலோ, இறந்தாலோ தோலிலிருந்து நஞ்சைச் சுரக்கும். கடலில் அந்த நஞ்சு கரைந்து போய்விடும், துரத்தி வந்த மீன் விலகிவிடும். நூறு லிட்டர் தொட்டியில் அது போவதற்கு இடமில்லை. ஒரே இரவில் அத்தனை மீனும் இறக்கலாம், பெட்டி மீனும் சேர்ந்து.

இதைவிட அடிக்கடி நடப்பது வெண்புள்ளி நோய். ஒரு நுண்ணிய ஒட்டுயிரியால் வருவது. புதிய மீன் ஒன்று உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகளோடு வந்து சேரும், வாரத்தில் எல்லா மீனுக்கும் பரவும். இதற்குச் செம்பு கலந்த மருந்து உண்டு, நன்றாக வேலை செய்யும். ஆனால் மீனைக் காப்பாற்றும் அதே செம்பு பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். ஆகவே பவளத் தொட்டிக்குள் வைத்து அந்த மருந்தைக் கொடுக்க முடியாது. புதிய மீனைச் சில வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் தலைபாடாக அடித்துக்கொள்வது இதனால்தான். தனித் தொட்டிக்கு வீட்டில் இடமில்லை என்றால், புதிய மீனுக்கும் இடமில்லை என்று பொருள்.

பைக்குள் வருவதற்கு முன்னால்

கடைத் தொட்டிக்கு வரும்முன் அந்த மீன் எங்கிருந்தது? அலங்கார மீன் ஏற்றுமதியில் சிங்கப்பூர் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று. ஆனால் நம் பண்ணைகளில் வளர்பவை பெரும்பாலும் நன்னீர் மீன்கள். கப்பியும் அரோவானாவும் பண்ணையில் பிறக்கின்றன. கடல்மீன்களின் கதை வேறு. கடைகளில் இருக்கும் கடல்மீன் இனங்களில் பெரும்பாலானவை இன்றும் பவளப்பாறைகளிலிருந்து பிடித்து வரப்படுபவை, அதிகமாக இந்தோனீசியாவிலும் பிலிப்பீன்சிலும்.

வலை கொண்டு பொறுமையாகப் பிடிக்கும் மீனவர்கள் இருக்கிறார்கள். சோடியம் சயனைடு கரைத்த நீரைப் பிளாஸ்டிக் புட்டியில் நிரப்பி, பவள இடுக்குகளில் பீய்ச்சி அடிப்பவர்களும் இருக்கிறார்கள். 1960களில் பிலிப்பீன்சில் அலங்கார மீன் பிடிக்கத் தொடங்கிய முறை இது. இரு நாடுகளிலும் சட்டவிரோதம், ஆனாலும் முற்றாக ஒழியவில்லை. மயங்கிய மீனைக் கையால் எடுத்துக்கொள்ளலாம். மயங்காமல் செத்தவை அங்கேயே கிடக்கும். நீர் பட்ட பவளம் வெளுக்கும். பிழைத்த மீனும் கடைக்கு வந்த பிறகு, காரணமே தெரியாமல் இறந்துபோகலாம். வாங்கியவர் தன் தொட்டி நீரைச் சோதித்துக்கொண்டிருப்பார்.

‘ஏற்றது’ என்ற குறிப்பின் குறையைக் காட்ட, பங்காய் கார்டினல் மீனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வெள்ளி உடலில் கறுப்புப் பட்டைகள். அமைதியான மீன், பவளத்தைத் தொடாது, கொடுத்த உணவைத் தின்னும். எந்தப் பட்டியலிலும் முதல் தர மதிப்பெண். ஆனால் உலகிலேயே இந்தோனீசியாவின் சுலாவேசிக்கு அருகில் உள்ள பங்காய் தீவுக் கூட்டம்தான் இதன் சொந்த ஊர். தந்தை மீன் முட்டைகளை வாயில் வைத்து அடைகாத்து, குஞ்சுகளையும் சில நாள் வாயிலேயே வைத்திருந்து விடும். மற்ற மீன்களின் குஞ்சுகள்போல் இவை நீரோட்டத்தில் மிதந்து தூர இடங்களுக்குப் போவதில்லை. அதனால் ஒரு விரிகுடாவில் பிடித்துத் தீர்த்துவிட்டால், பக்கத்திலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை. 2007ல் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவின் விளிம்பில் உள்ள இனங்களில் சேர்த்தது. வேடிக்கை என்னவென்றால், இது தொட்டியிலேயே எளிதாகக் குஞ்சு பொரிக்கும் மீன். பண்ணையில் பிறந்ததை வாங்கினால் மனம் உறுத்த வேண்டியதில்லை. கடலில் பிடித்ததும் பண்ணையில் பிறந்ததும் தொட்டியில் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கேட்டால்தான் தெரியும்.

அப்படியானால் தடை செய்துவிடலாமே என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வலை போட்டு நேர்மையாகப் பிடிக்கும் குடும்பங்களுக்கு உயிருள்ள பவளப்பாறைதான் பிழைப்பு. அந்தப் பிழைப்பு போனால், பாறையைக் காக்க அவர்களுக்கு உள்ள காரணங்களில் ஒன்று போய்விடும். மேலும் மீன் வளர்ப்போரின் ஆர்வத்தால் கிடைத்த அறிவும் குறைவல்ல. பவளத்தைத் துண்டாக்கி வளர்க்கும் நுணுக்கத்தில் ஒரு பகுதி வீட்டுத் தொட்டிகளில் தேறியது. ‘டோரி’ படத்தில் வரும் நீல டாங் மீனை 2016ல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதன்முறையாகச் செயற்கைச் சூழலில் முட்டையிலிருந்து வளர்த்தெடுத்தார்கள். மாண்டரின் மீனையும் பண்ணையில் வளர்த்து, உறைந்த உணவுக்குப் பழக்கி விற்பவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். ஆயிரம் லிட்டர் தொட்டியும், கோப்பெபாட் வளர்க்கத் தனித் தொட்டியும் வைத்திருக்கும் ஒருவர் மாண்டரின் வளர்த்தால் நான் குறை சொல்ல மாட்டேன். அவர் மீனின் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறார்.

நான் குறை சொல்வது, ‘முயன்று பார்ப்போம், செத்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம்’ என்ற பேச்சை. அறிவியல் சோதனையில் தோல்வி சகஜம் என்பார்கள். உண்மைதான். ஆனால் விடை ஏற்கெனவே தெரிந்த கேள்விக்கு உயிரைப் பணயம் வைப்பதைச் சோதனை என்று சொல்வதில்லை.

கடையில் கேளுங்கள்

வெட்கப்படாமல் கேளுங்கள். இது பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா? கடைக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று? இங்கே என்ன தின்கிறது? கடைசிக் கேள்விக்கு வாய்ப் பேச்சைப் பதிலாக ஏற்காதீர்கள். இப்போது கொஞ்சம் உணவு போடச் சொல்லி, மீன் தின்பதைக் கண்ணால் பாருங்கள். தலைக்குப் பின்னால் ஒடுங்கியிருக்கிறதா, வயிறு உள்வாங்கியிருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்பதையும் மறக்காதீர்கள். மூன்று விரல் அகலத்தில் விற்கப்படும் நீல டாங், கடலில் ஒரு அடி நீளம் வளரக்கூடியது. வால் அருகே அறுவைக்கத்திபோல் கூரான முள்ளும் வைத்திருக்கும். நல்ல கடைக்காரர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். முகம் சுளித்தால், அதுவும் ஒரு பதில்தான்.

ஏற்கெனவே வாங்கிவிட்ட மீன் பொருந்தவில்லை என்றால், கடைக்கோ பெரிய தொட்டி வைத்திருப்பவருக்கோ கொடுங்கள். கடலில் கொண்டுபோய் விடாதீர்கள். ஈஸ்ட் கோஸ்ட் கரையில் பையை அவிழ்த்துவிட்டு ‘விடுதலை’ கொடுத்ததாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தொட்டியில் தொற்றிய நோய் எதுவானாலும் அதுவும் சேர்ந்து விடுதலை பெறும். அனுமதியின்றி விலங்குகளை இயற்கையில் விடுவது இங்கே சட்டப்படி குற்றமும்கூட. சிங்கமீனின் கதையைப் படித்துப் பாருங்கள். நம் பக்கத்துக் கடல்களுக்குச் சொந்தமான அந்த மீன் 1985ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையில் முதன்முதலாகத் தென்பட்டது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து போனவையே காரணம் என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். இன்று கரீபியன் கடல் முழுக்க அது இருக்கிறது. அங்குள்ள சிறு மீன்களுக்கு அதை எதிரியாக அடையாளம் காணத் தெரியவில்லை. பஹாமாஸில் நடந்த ஓர் ஆய்வில், சிங்கமீன் இருந்த சிறு பாறைத் திட்டுகளில் புதிதாக வந்து சேரும் இளம் மீன்கள் ஐந்தே வாரத்தில் 79 விழுக்காடு குறைந்தன.

கடல்மீன் பார்க்கத் தொட்டிதான் வேண்டும் என்றும் இல்லை. சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றி ஏறக்குறைய 250 வகைக் கடினப் பவளங்கள் இருக்கின்றன. நீர் கொஞ்சம் கலங்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் சிஸ்டர்ஸ் தீவுக் கடலில், செம்புநிறப் பட்டைகளும் நீண்ட மூக்கும் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சி மீன் வாழ்கிறது. கடைகளில் காசு கொடுத்து வாங்கி, சாப்பிட மறுக்கிறதே என்று பலரும் தவிக்கும் அதே இனம். இங்கே அது யாரும் ஊட்டாமல், பாறை இடுக்குகளில் மூக்கை நுழைத்துப் புழு பிடித்துத் தின்றுகொண்டு, நகரத்துக் கப்பல்களுக்கு அருகிலேயே வாழ்கிறது.

என் வீட்டில் அந்த இரண்டடித் தொட்டி இன்னும் இருக்கிறது. மாண்டரின் இறந்த பிறகு ஓராண்டு எந்த மீனும் வாங்கவில்லை. இப்போது இரண்டு கோமாளி மீன்கள் இருக்கின்றன, பண்ணையில் பிறந்தவை, எதைக் கொடுத்தாலும் தின்பவை. வாங்கும்போது இரண்டும் ஒரே அளவில் இருந்தன. இப்போது ஒன்று மற்றதைவிடப் பெரிதாகி, பெண்ணாகவும் மாறிவிட்டது. போன மாதம் பாறையின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள் ஒட்டியிருந்தன. ஆண் மீன் இரவும் பகலும் அவற்றுக்கு விசிறிக்கொண்டே இருந்தது. குஞ்சுகளை வளர்க்க முடியுமா என்று பார்க்கிறேன். அதற்கு முதலில் அவற்றின் வாய் எவ்வளவு சிறியது, அந்த வாய்க்குள் எது நுழையும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். படித்துக்கொண்டிருக்கிறேன்.